வாசலில் வந்து படுத்த நிழல்

கொடி ஏறியது மேலத்தெருவில், அதன் நிழல் விழுந்தது சேரியில். நடுவே ஒரு குளம், ஒரு மூங்கில் கொல்லை, கால் மணி நேர நடை. எட்டுமாங்குடிக்காரர்களிடம் இதைச் சொன்னால் "ஆமா, அப்படித்தான் விழுந்துச்சு" என்பார்களே தவிர, அதெப்படி விழும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் யார் வயலில் முதலில் பாய வேண்டும், தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், பிணம் எந்த வழியாகப் போக வேண்டும், சேரிக்காரன் நிழல் யார் மேல் விழக்கூடாது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானித்து வைத்திருந்த ஊர் அது. கொடியின் நிழல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் மறந்துபோனார்கள்.

அது நாற்பத்தேழாம் வருஷம், ஆகஸ்டு பதினைந்து, வெள்ளிக்கிழமை. ஆடிக் கடைசி வெள்ளி என்பதால் மாரியம்மனுக்குக் கூழ், மாதா விண்ணுக்குப் போன திருநாள் என்பதால் மாதா கோவிலில் தேர், ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளி என்பதால் பள்ளிவாசலில் கூட்டம், இவ்வளவும் போதாதென்று சுதந்திரமும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. பண்ணையார் சிவகடாட்சம், துரை கையால் வாங்கிய ராவ்பகதூர் பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று மாதமாகக் கதர் உடுத்திக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் நிற்கிற உத்தேசம் இருந்தது. தலைமையாசிரியர் கல்யாணராமய்யர், நாற்பத்திரண்டில் ஒன்பது மாதம் ஜெயிலில் இருந்தவர், சந்தோஷத்தில் சோறு இறங்காமல் நீர்மோரைக் குடித்துக்கொண்டு திரிந்தார். மாதா கோவில் சாமியார், ராஜா மாறினாலும் வேதம் மாறாது என்று பிரசங்கம் வைத்தார். சேரியில் பாதிப்பேர், "வெள்ளைக்காரனும் போயிட்டா நம்ம பிராது யார்கிட்டப் போறது?" என்று கலங்கினார்கள், மீதிப் பாதிப்பேர் அன்றைக்குக் கூலி உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.

சவரியாயி ஒருத்திதான் கலங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. "வெள்ளைக்காரன் நம்ம தெருவுக்கு வந்ததே இல்ல. வராதவன் போறதுக்கு நான் எதுக்குக் கை தட்டணும்?" என்றாள்.

சவரியாயிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பண்ணையில் நடவு நட்டு, களை பறித்து, பண்ணை மனையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். குடிசைக்குள் ஒரு மாதா படம் இருந்தது, கூரைக் கழியில் ஒரு ஜோடித் தோல் செருப்பு தொங்கியது. செருப்பு அவள் புருஷன் ராயப்பனுடையது. சேரிக்காரர்கள் மேலத்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ராயப்பன் திருவிழாச் சந்தையில் ஆசையாக அந்தச் செருப்பை வாங்கியவன், காலில் கருவை முள் ஏறிச் சீழ் வைத்திருந்த ஒரு நாளில் வலியில் மறந்துபோய் அதைப் போட்டபடியே மேலத்தெருவுக்குள் கால் வைத்துவிட்டான். பண்ணையார் அந்தச் செருப்பை அவன் தலைமேல் வைத்து மூன்று தெருவும் சுற்றி வரச் சொன்னார். சுற்றி வந்தவன் செருப்பைக் கூரைக் கழியில் மாட்டினான். பிறகு தொடவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். சவரியாயி புருஷனை நினைத்து அழுதிருக்கிறாள், ஆனால் செருப்பைப் பார்த்து ஒரு நாளும் அழுததில்லை, அதைப் பார்த்தால் அவளுக்கு ஆத்திரம்தான் வரும்.

கொடியேற்றத்துக்குச் சேரி முழுவதும் வர வேண்டும் என்று பண்ணையார் சொல்லியனுப்பினார். வர வேண்டும் என்றால் கொடிக் கம்பத்தடிக்கு அல்ல. குளத்தின் தென்கரையில் நிற்க வேண்டும், இங்கிருந்து ஒருவர் துண்டை வீசிக் காட்டியதும் அங்கிருந்து ஜே போட வேண்டும். இருநூறு பேர் போனார்கள். சவரியாயி போகவில்லை. மாதா கோவில் தேருக்கும் போகவில்லை, ஏனென்றால் போன வாரம்தான் அவள் சாமியாரிடம் போய், "தேரு எங்க தெருவுக்கும் ஒரு தடவை வரட்டும் சாமி" என்று கேட்டிருந்தாள். அவர், "தெரு குறுகல் அம்மா" என்று சொல்லியிருந்தார். தேர் வராத தெருவிலிருந்து தேர் பார்க்கப் போக மாட்டேன், குளத்துக்கு அந்தண்டை நின்று கொடிக்கு ஜே போடவும் மாட்டேன் என்று அவள் வாசலைச் சாணி கரைத்து மெழுகிக்கொண்டிருந்தாள்.

மெழுகிய ஈரம் காய்வதற்குள் அது வந்து விழுந்தது. கழுகு ஏதோ தாழப் பறக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள், வானத்தில் ஒன்றும் இல்லை. வாசல் நிறைய நீளமாக ஒரு நிழல் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு சக்கரம், சக்கரத்துக்கு ஆரக்கால்கள், கம்பம் மட்டும் இல்லை. கால் வைத்துப் பார்த்தாள், கிணற்றடி போலக் குளுகுளுவென்று இருந்தது. வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, "இருக்கிறதா இருந்தா ஓரமா இரு, வெயில் ஏறினா நெல்லு காயப் போடணும்" என்றாள். அது ஓரமாகப் போகவில்லை.

மேலத்தெருவில் இதை முதலில் கண்டுபிடித்தவர் கல்யாணராமய்யர். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் தரையைப் பார்த்தார், கம்பத்தின் நிழல் கோடு போட்டதுபோல விழுந்திருந்தது, அதன் நுனியில் கொடியைக் காணோம். மேலே பார்த்தார், கொடி இருந்தது. கீழே பார்த்தார், இல்லை. பாட்டு நின்றது. அதே நேரத்தில் குளத்தங்கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய யாரோ சவரியாயி வாசலைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள், ஒரு நாழிகைக்குள் ஊரே சேரியின் எல்லையில் நின்றது, நூறு வருஷத்தில் மேலத்தெரு அவ்வளவு பேராகத் தெற்கே நடந்ததில்லை.

கொடியைத் தைத்தவர் மதார்சா ராவுத்தர், கடைத்தெருத் தையற்காரர். கொடியேற்றத்துக்கு அவரை யாரும் வா என்று சொல்லவில்லை. பண்ணையார் கல்லில் நார் உரிக்கிறவர், துணியை அளந்து கொடுத்ததில் பச்சை மட்டும் இரண்டு விரற்கடை குறைந்துபோய், கீழ் மூலை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "ரெண்டு விரக்கடையைப் பாய் பாகிஸ்தானுக்கு எடுத்து வச்சுக்கிட்டாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வெட்டுத் துண்டுகளை மறுபடி மறுபடி அளந்து பார்த்தார். இப்போது அவர் நோன்பு வாயோடு வந்து, தோளில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல், நிழலின் கீழ் மூலையருகே குந்தினார்.

"பாய், இது உங்க தையலா?" என்றாள் சவரியாயி.

"என் தையல்தான் ஆயி. மூலை சாயுது பாரு. துணியைக் கொறைச்சுக் கொடுத்தவரு அவரு, திருடன்னு பேரு எனக்கு."

"நீங்களும் பாகிஸ்தானுக்குப் போறீங்களாமே?"

"எங்க அத்தா இந்த மண்ணுலதான் அடக்கம். அவரை எழுப்பிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டா போக முடியும்?" என்றவர், அந்தச் சாய்ந்த மூலையைக் குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தடவினார். "அங்க என்னை உள்ள விடல, இங்க வந்து கெடக்குது பாரேன்" என்றார்.

பிறகு சாமியார் வந்தார். கோவிலிலும் அன்றைக்குத் திருநாள் கொடி ஏறியிருந்தது, ஆகவே இது மாதா கொடியின் நிழலாக இருக்கலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். சவரியாயி எழுந்து மரியாதையாக முக்காடு போட்டுக்கொண்டு, "தேரு வர்றதுக்குத் தெரு குறுகல்னு சொன்னீங்களே சாமி, இது எப்படி நுழைஞ்சுச்சு?" என்று கேட்டாள். சாமியார் சக்கரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தீர்த்தச் செம்பை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

கல்யாணராமய்யர்தான் சட்டம் பேசினார். கொடியைச் செருப்புக் காலால் மிதிப்பது மகா பாவம், குற்றமும்கூட. கொடிக்கு எது உண்டோ அதன் நிழலுக்கும் அது உண்டு. ஆகவே இந்த வாசலுக்குள் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். இதை அவர் பலகையில் தம் முத்து முத்தான எழுத்தில் எழுதிச் சேரி எல்லையில் நட்டார். நல்ல மனுஷர், என்ன எழுதினோம் என்று அவருக்கு அன்றைக்குத் தெரியாது.

"அப்ப நான் என் வாசல்ல நடக்கிறது?" என்றாள் சவரியாயி.

"உன் காலில்தான் செருப்பு இல்லையே அம்மா."

"இருக்க விட்டாத்தானே" என்றாள் அவள்.

சாயங்காலம் கொடியை இறக்கினார்கள், நிழல் இறங்கவில்லை. இரவில் மற்ற நிழல்களைப் போல இருட்டோடு கலந்தது, விடிந்ததும் முதல் ஆளாக விரிந்தது. கொடியைப் பண்ணையார் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார், நிழல் காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஆடியது. பட்டணத்திலிருந்து பட்டில் ஒரு புதுக் கொடி வரவழைத்து ஏற்றினார், அதற்கும் நிழல் இல்லை, அதைப் பார்த்த கட்சி ஜில்லாக் கமிட்டிக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சேரிக்கு அது பழகிவிட்டது. நிழலின் ஓரத்தில் மிளகாய் காயப் போட்டார்கள், நடுவில் பிள்ளைத்தாய்ச்சிகள் மத்தியானம் சாய்ந்து கிடந்தார்கள், தலைவலிக்காரர்கள் சக்கரத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தார்கள், கோழி அதில்தான் முட்டையிடுவேன் என்று அடம்பிடித்தது, அண்ணன் தம்பி பாகச் சண்டையை அதில் நின்று பேசினால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. சூரியனே இல்லாத ஐப்பசி அடைமழையிலும் அது நனையாமல் கிடந்தது. வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பலகையருகே தினமும் செருப்புகள் குவிந்தன. ரெட்டை வார் செருப்பு, கிறீச்சிடுகிற செருப்பு, பாதக்குறடு, ஒரு நாள் ஒரு டாக்டரின் பூட்ஸ். சேரிக்காரர்கள் அவற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். செருப்பில்லாமல் நடந்தால் மேலத்தெருக்காரர்களுக்கும் கல் குத்துகிறது, அவர்களும் நொண்டுகிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தது அந்த நாட்களில்தான், அதைப் பார்த்த பிறகு அவர்கள் பேச்சில் ஒரு தெம்பு வந்தது.

அந்தத் தெம்பைக் கண்டு பண்ணையாருக்கு மூக்கில் வியர்த்தது. நிழலைத் தன்னிடம் கொண்டுவர முடியாவிட்டால், நிழல் கிடக்கிற இடத்தைத் தன்னிடம் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். மனை அவருடையது. குடிசையைப் பிரித்துவிட்டு அங்கே தம் பெயரில் ஒரு சுதந்திர மண்டபம் கட்டினால் தேர்தலுக்கும் ஆயிற்று. கொடியேற்றத்துக்கு வராத வேலைக்காரிக்குப் பண்ணையில் வேலை இல்லை, வேலை இல்லாதவளுக்கு மனை இல்லை என்று வழக்குப் போட்டார், அவள் பக்கம் பேச வக்கீல் இல்லை, தீர்ப்பு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல வந்தது. கார்த்திகை மாதம் முதல் வாரத்தில் கோர்ட்டு அமீனா ஒரு வண்டியோடும் இரண்டு போலீஸ்காரர்களோடும் வந்து இறங்கினார். பூட்ஸைக் கழற்ற மேலதிகாரி உத்தரவு வேண்டும் என்று போலீஸ்காரர்கள் பலகையருகிலேயே நின்றுவிட்டார்கள். அமீனா வயதானவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

சவரியாயிக்குப் போக வேறு இடம் கிடையாது. ராயப்பன் செத்த இடமும் அதுதான், அவள் சாகப்போகிற இடமும் அதுதான் என்று நினைத்திருந்தவள் அவள். ஆனாலும் அமீனாவின் முன்னால் வந்து நின்று, "காயிதத்துல என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டாள்.

"மனையில கிடக்கிற சாமானையெல்லாம் பட்டியல் போட்டு, அப்புறப்படுத்தி, மனையைக் காலியா ஒப்படைக்கணும்னு இருக்கும்மா."

"அப்பப் போடுங்க பட்டியலு. ஒண்ணு விடக்கூடாது."

அமீனா எழுதினார். மண் பானை மூன்று, அம்மி ஒன்று, முறம் ஒன்று, அடைக்கோழி ஒன்று, மாதா படம் ஒன்று, ஆண்பிள்ளைத் தோல் செருப்பு ஒரு ஜோடி. பேனாவை மூடப் போனார்.

"இது?" என்று காலடியைக் காட்டினாள் சவரியாயி. "வாசல்ல கெடக்குதே, இது யாரு சாமான்?"

அமீனா முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர், விட்டுப்போனது என்று பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்று நினைக்கிறவர். கொஞ்ச நேரம் யோசித்து, கொடியின் நிழல் ஒன்று, பன்னிரண்டு முழம், கீழ் மூலை சாய்வு, என்று எழுதிவிட்டார்.

"எழுதிட்டீங்கல்ல? அதைச் சுருட்டி வண்டியில ஏத்துங்க. அது முன்னாடி போகட்டும், பின்னாடியே நான் வரேன். அது இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

பண்ணையார் பலகையருகே குடை பிடித்து நின்றவர் கத்தினார்: "நிழலை எவனாவது சுருட்டுவானா? அது அங்கயே கெடக்கட்டும்யா, அவளை இழுத்து வெளியே போடு!"

"பட்டியல்ல ஏறிடுச்சுங்க. அதை அப்புறப்படுத்தாம மனை காலின்னு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் அமீனா. இதைப் பயத்தில் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

அப்போதுதான் சேரிக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்குத் தென்கரையில் நின்று துண்டு வீசியதும் ஜே போட்ட அதே இருநூறு பேர், யாரும் துண்டு வீசாமலே, ஒருவர் பின் ஒருவராக நிழலுக்குள் வந்து நின்றார்கள். மதார்சா ராவுத்தர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்து தன்னுடைய மூலையில் நின்றார். ஆறு பேர் நின்றால் இடிக்கிற வாசல் அது, இருநூறு பேர் நின்றும் தோள் இடிக்கவில்லை. கல்யாணராமய்யர் பலகையருகே வெகுநேரம் தம் எழுத்தையே படித்துக்கொண்டு நின்றார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் வந்தார், வந்து என்ன செய்வதென்று தெரியாமல் அடைக்கோழிக்குப் பக்கத்தில் நின்றார்.

பண்ணையார் தாமே போய் அவள் கையைப் பிடித்து இழுப்பது என்று கிளம்பினார். பலகை வரைக்கும் வந்தவர் நின்றார். ஜில்லாக் கமிட்டிக்காரர்கள் இருவர் மண்டபத்துக்கு இடம் பார்க்க வந்தவர்கள், அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்போடு கொடியை மிதித்தவன் என்று பேர் வந்தால் தேர்தல் போயிற்று. கழற்றினார். கழற்றிய செருப்பைச் சேரி மண்ணில் விட மனசு வரவில்லை, எடுத்துப் பிடிக்கவும் ஆள் பக்கத்தில் இல்லை. அவரே குனிந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கல் குத்தியது. இரண்டு கையிலும் செருப்பு இருந்ததால் யார் கையையும் பிடித்து இழுக்க முடியவில்லை. இருநூறு பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் ஆயுசு முழுக்க மேலத்தெருவில் தாங்கள் எப்படி நடந்தோம் என்பதை முதல்தடவையாக வெளியே நின்று பார்த்தார்கள்.

சவரியாயி அதுவரைக்கும் அவரை ஆண்டே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், அவள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"அதை ஏன்யா கையில தூக்கிட்டு நிக்கிறீங்க? கீழ வைங்க. எங்க தெருவுல யாரும் செருப்பைக் கையில தூக்கிட்டு நடக்க வேண்டாம்" என்றாள்.

அவர் செருப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அமீனா காகிதத்தில், ஒரு சாமானை அப்புறப்படுத்த இயலாமையால் உத்தரவு நிறைவேறவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காலி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

சவரியாயி குடிசைக்குள் போனாள். கூரைக் கழியிலிருந்து ராயப்பனின் செருப்பை எடுத்தாள், ஒட்டடையைத் தட்டினாள், முந்தானையால் துடைத்தாள், அப்போது அழுதாள், வாய்விட்டே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து, நிழலைத் தாண்டி, பலகையையும் தாண்டிப் போய், செருப்பைக் கீழே போட்டு இரண்டு காலையும் நுழைத்தாள். மேலத்தெருவைப் பார்க்க நடந்தாள். மூங்கில் கொல்லை தாண்டும்போதுதான் ராவுத்தர் கவனித்துச் சொன்னார். நிழல் வாசலில் இல்லை, அவள் பின்னால் பன்னிரண்டு முழ நீளத்துக்கு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றால் அதன்மேல் ஏறித்தான் ஓட வேண்டும். சேரி முழுவதும் அதற்குப் பின்னால் நடந்தது.

மேலத்தெரு முனையில், காலம் காலமாகச் செருப்பைக் கழற்றுகிற புளியமரத்தடியில், சவரியாயி நின்றாள். வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் அவள் குனிவதைக் கண்டு, அப்பாடா, கழற்றப்போகிறாள் என்று மூச்சு விட்டார்கள். ராயப்பன் கால் பெரிய கால். செருப்பு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவள் வாரை இழுத்து இறுக்கி முடிந்துகொண்டு, நிமிர்ந்து, தெருவுக்குள் நடந்தாள்.